அஞ்சு குரூப் இருந்தும் லைனுக்குத் தகவல் போகவில்லை

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை செய்கிற பனியன் யூனிட் நடத்துகிறேன். ஐந்து வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். ஆனாலும் போன மாதம் பையர் (எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனி) லேபிளை மாற்றியது தையல் லைனுக்குத் தெரியாமல், பழைய லேபிளோடு பீஸ் பேக்கிங் வரை போய்விட்டது. எல்லாத் தகவலும் மேனேஜர் வழியாகத்தான் போகும். ஒரு கன்சல்டன்ட் சாஃப்ட்வேர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு. அந்த கன்சல்டன்ட்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சாஃப்ட்வேர் கம்பெனியிடம் உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?" பெரும்பாலும் பேச்சு அதோடு மாறிவிடும். உங்கள் யூனிட்டில் ஒரு நாள்கூட நிற்காமல், மடிக்கணினியைத் திறந்து கலர் கலராக வரைபடம் காட்டுகிற ஆளை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். அதே மேனேஜர்தான் நாளைக்கு அந்த சாஃப்ட்வேரிலும் டைப் அடிக்கப் போகிறார். அவர் மறந்தால் அதுவும் மறக்கும்.

உங்கள் கோளாறு "மேனேஜர் வழியாக" என்பதில் இருக்கிறது. 1951-இல் வெளியான ஆய்வில் ஹரோல்ட் லீவிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஐந்து ஐந்து பேரை உட்காரவைத்துச் சோதித்தார். எல்லாத் தகவலும் நடுவில் இருக்கும் ஒருவரிடம் போன குழுவில் தவறு குறைவு. வட்டமாகப் பக்கத்து ஆளோடு மட்டும் பேசிய குழுவில் தவறு அதிகம், ஆனால் ஆட்களுக்கு வேலை பிடித்திருந்தது. நடு ஆள் முறையில் ஓரத்தில் இருந்தவர்களுக்குத்தான் சலிப்பு. ஆக, நடுவில் ஆள் இருப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஐந்து பேருக்கு அது சரி. 60 பேருக்கு ஒரே ஆள் என்றால், அவர் போனை எடுக்காத அரை மணி நேரத்தில் லைன் பழைய லேபிளைத் தைத்துக்கொண்டே இருக்கும். தப்பென்று சந்தேகப்பட்ட டெய்லரும் வாய் திறக்க மாட்டார்.

செய்ய வேண்டியது இதுதான். பையர் எதை மாற்றினாலும் மெர்ச்சன்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) சாம்பிள் பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், பேக்கிங் மூவரிடமும் நேரில் போக வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "என்ன மாறியிருக்கு, சொல்லுங்க" என்று கேட்கட்டும். அப்புறம், பழைய லேபிள் கட்டுகளை மிஷின் பக்கத்து டப்பாவிலிருந்து எடுத்து ஸ்டோருக்குத் திருப்பி அனுப்புங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டப்பாவில் பழையது கிடந்தால் கை அதைத்தான் எடுக்கும். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் தமிழ் வாய்ஸ் மெசேஜால் என்ன பயன்? பீஸைக் காட்டினால் போதும். குரூப்பை இரண்டாகக் குறையுங்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இந்த வழியெல்லாம் கூடாது: பெண் தொழிலாளரின் பாலியல் தொல்லைப் புகார். அது சூப்பர்வைசரிடமும் போகக் கூடாது, மேனேஜரிடமும் போகக் கூடாது, குரூப்பில் ஒரு வரிகூட வரக் கூடாது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இந்தப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் குறைந்தது பாதி பெண்கள், வெளியாள் ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். எழுத முடியாதவருக்குக் குழு உதவ வேண்டும். "எங்க யூனிட்ல அப்படியெல்லாம் இல்லைங்க" என்று சொல்லாதீர்கள். புகார் சொல்ல வழியில்லாத இடத்திலும் புகார் வராது. யூனிட்டைச் சோதித்துச் சான்றிதழ் தர ஆடிட்டுக்கு வருகிறவர்கள் நோட்டீஸ் போர்டை போட்டோ எடுத்து, கையெழுத்துப் பட்டியலைப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். புகார்ப் பெட்டிக்குப் பூட்டு முந்தின நாள் சாயந்திரம்தான் வாங்கியது என்று அவர்களுக்கும் தெரியும். அந்தச் சான்றிதழை நம்பி உட்காராமல், குழுவின் பெயர்களைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிப் பெண்கள் கழிப்பறைப் பக்கம் ஒட்டுங்கள்.

மேனேஜர் முறுக்கிக்கொள்வார். "என்னைக் கேக்காம எதுவும் நடக்கக் கூடாது" என்று சொல்லியே பழகியவர். பணம், ஆள் எடுப்பது, டெலிவரி தேதி மூன்றும் அவரிடமே இருக்கட்டும். லேபிள், பட்டன், பாலிபேக் விவரம் மட்டும் அவரைத் தாண்டி நேராகப் போகட்டும். அடுத்த ஸ்டைலை லைனில் தைக்கத் தொடங்குவதற்கு முன்னால் இதைத் தொடங்கிவிடுங்கள்; ஒரு லாட் பாதி தைத்திருக்கும்போது முறையை மாற்றினால் பழைய முறை, புது முறை இரண்டும் கெடும்.