வாசகர் கேள்வி – பதில்: எரிமலைக்கு எதிர்க்கரையில் ககோஷிமா

கேள்வி: முத்துக்குளித்துறையில் மறைப்பணி செய்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஜப்பானில் முதலில் இறங்கிய ஊர் ககோஷிமா என்று எங்கள் கோயில் திருவிழா மலரில் படித்தேன். அவர் அங்கே சென்றது ஏன்? எரிமலைக்கு எதிரே மக்கள் எவ்வாறு நகரம் அமைத்து வாழ்கின்றனர்?
– வாசகி ஒருவர், மோல்மேன்

பதில்: முத்துக்குளித்துறைப் பரதவர்க்குத் தமிழில் செபங்களைக் கற்பித்த சவேரியார், 1547இல் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ககோஷிமாக்காரரைச் சந்தித்தார். கொலைப்பழிக்கு அஞ்சிப் போர்த்துகீசியக் கப்பலேறித் தப்பிய அம்மனிதர், கோவாவில் திருமுழுக்குப் பெற்றுச் சவேரியாருக்கு வழிகாட்டியானார். அவர்கள் 1549 ஆகஸ்டு 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினர். அங்கு ஆண்ட ஷிமாசு தகாஹிசா முதலில் சவேரியார் போதிக்க அனுமதி தந்து, பின்னர் தடை விதித்தார். அஞ்சிரோவின் ஊர் என்பது ஒரு காரணம். கியூஷு தீவின் தென்கோடியில் இருப்பதால், தெற்கிலிருந்து வரும் கப்பல்களுக்கு அது ஜப்பானின் வாசலாகவும் இருந்தது.

இனி எரிமலை. ககோஷிமா குடாவின் வடபகுதி, சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த மாபெரும் வெடிப்பில் நிலம் உள்ளிறங்கி, கடல் புகுந்து உண்டானது. அப்பள்ளத்தின் தென்விளிம்பில் பிற்காலத்தில் எழுந்ததே 1,117 மீட்டர் உயரமுள்ள சகுராஜிமா எரிமலை. நகருக்கும் மலைக்கும் இடையே உள்ள நீர்ப்பரப்பு சுமார் 4 கிலோமீட்டர். இரவும் பகலும் ஓடும் கப்பல் கால் மணி நேரத்தில் அக்கரை சேர்த்துவிடும். நம் யாங்கோனில் பான்சோடான் துறையிலிருந்து டலாவுக்குப் போய்வருவதைப் போல அங்குள்ளோர் எரிமலைக்குப் போய்வருகின்றனர்.

அப்பழைய வெடிப்பு கக்கிய சாம்பல், 'ஷிராசு' எனப்படும் வெளிறிய மேட்டுநிலமாகப் படிந்துள்ளது. நீர் தங்காத அம்மண்ணில் நெல் சரிவர விளையாது. 1705இல் மாயெடா ரியெமோன் என்பவர் ரியூக்யூ தீவுகளிலிருந்து கொண்டுவந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அங்கே செழித்து, பஞ்சக் காலங்களில் உயிர்களைக் காத்தது. அவ்வட்டாரத்துப் புகழ்பெற்ற மதுவும் அக்கிழங்கிலிருந்தே வடிக்கப்படுகிறது. 1863இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நகரைக் குண்டுவீசி எரித்ததையும், 1877இல் கிளர்ச்சித் தலைவர் சைகோ தகாமோரி ஷிரோயாமா குன்றில் மடிந்ததையும் நூலாசிரியர்கள் விரித்துரைப்பர். சாதாரணக் குடிமக்கள் பிழைத்த வரலாற்றை அறிய விரும்புவோர் கிழங்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம்.

1914 ஜனவரி 12 அன்று மலை வெடித்தது. அதற்கு முன் நிலம் அடிக்கடி அதிர்ந்தபோதும், சகுராஜிமா வெடிக்காது என்றே வானிலை நிலையம் கூறிற்று. தம் கண்ணையே நம்பிப் படகேறியோர் தப்பினர். நிலையத்தின் சொல்லை நம்பித் தங்கியவர்களில் சிலர் மாண்டனர். மக்கள் கோட்பாட்டை நம்பியிராமல், அறிகுறி கண்டதும் வெளியேற வேண்டும் என்று பின்னாளில் கல்லில் பொறித்து வைத்தனர். அறிவியலாரைக் குறைகூறும் அக்கல் ஒரு பள்ளி வளாகத்தில் நிற்பது குறிப்பிடத்தக்கது! நெருப்புக் குழம்பு, கிழக்கே சுமார் 400 மீட்டர் அகலமிருந்த நீரிணையை அடைத்து, தீவாயிருந்த மலையை ஓசுமி தீபகற்பத்தோடு இணைத்துவிட்டது. குரோகாமி என்னும் சிற்றூரில் 3 மீட்டர் உயரக் கோயில் தோரணவாயில் புதைந்து, அதன் தலைப்பகுதி மட்டும் இன்றும் வெளியே தெரிகிறது.

கேள்வி: அம்மலை இப்போதும் சாம்பல் கக்குகிறதா?
– வாசகர் ஒருவர், தட்டோன்

பதில்: ஆம். கோடையில் காற்று கிழக்கிலிருந்து வீசும்போது சாம்பல் நகரின்மீதே விழுகிறது. குளிர்காலத்தில் ஓசுமிப் பக்கம் போய்விடுகிறது. ஆகவே வானிலை அறிக்கையில் மலையுச்சிக் காற்றின் திசையையும் சொல்கின்றனர். துணி உலர்த்துவோர் முதலில் கவனிப்பது அதைத்தான். முற்றத்தில் விழுந்ததைக் கூட்டி அள்ள மாநகராட்சி மஞ்சள் நிறப் பைகளை வழங்குகிறது. கட்டி, சாம்பலுக்கென்றே குறித்த இடத்தில் வைத்தால் வண்டி வந்து எடுத்துச் செல்லும்.