வங்கக்கடல் புயல்கள்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

பிரவீன்: அண்ணே, உலகத்துலயே பெரிய புயல் எது?

பதில்: எதை வச்சு பெருசுங்கிறீங்க தம்பி? பலம்னா 1979ல பசிபிக்ல வந்த டிப், நடுவுல காத்தழுத்தம் (அது எவ்ளோ கம்மியோ புயல் அவ்ளோ பலம்) 870 மில்லிபாருக்கு இறங்குச்சு, வேற எந்தப் புயல்லயும் அதுக்குக் கீழ அளந்ததில்ல. ஆனா செத்தவங்க நூறு பேர் அளவுதான். உயிர்ச்சேதம்னா 1970 நவம்பர் 12 ராத்திரி கிழக்கு பாகிஸ்தான்ல, அதாவது இன்னிக்கு பங்களாதேஷ்ல, போலா தீவுப் பக்கம் அடிச்சது. கம்மியா போட்டாலே 3 லட்சம், 5 லட்சம்னும் சொல்றாங்க. பலத்துல டிப் கிட்டயே வராது.

மகேஸ்வரி: அப்புறம் எப்படி சார் இவ்ளோ பேர்? அவ்ளோ காத்தா?

பதில்: காத்து இல்லம்மா, தண்ணி. புயல் கடலைத் தள்ளிக்கிட்டே வரும், ஆழமான இடம்னா அந்தத் தண்ணி அடியில பரவிப் போயிடும், வங்கக்கடலோட வடக்கு முனை ஆழமும் இல்ல, புனல் மாதிரி குறுகலும் வேற, போக வழியில்லாம மேல ஏறிடும், அன்னிக்குன்னு பாத்து கடல் ஏத்தமும் சேர்ந்துக்கிச்சு. எதிர்ல இருந்தது ஆறு கொண்டாந்து போட்ட வண்டல் தீவுங்க, ஏறி நிக்க மேடு கிடையாது. மரம்தான். பின்னாடி சர்வேக்குப் போன டாக்டருங்க பொழைச்சவங்க நெஞ்சு, கை, தொடையில ஒரே மாதிரி தோல் உரிஞ்ச காயத்தைப் பாத்தாங்க. மரத்தைக் கட்டிப்புடிச்சுக் கிடந்த காயம். செத்ததுல பாதிக்கு மேல பத்து வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்க, அதுங்களுக்கு ஏது அவ்ளோ தெம்பு.

சுரேஷ்: தனுஷ்கோடியும் இதானா?

பதில்: இதேதான். 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்குறப்ப அலை அடிச்சு நூறு பேருக்கு மேல மொத்தமா போயிட்டாங்க.

ரஹ்மத்: போலாவுக்கு வார்னிங்கே குடுக்கலையா பாய்?

பதில்: குடுத்தாங்க, ரேடியோல. புயல் வருதுன்னு 90 சதவீதம் பேருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, பக்கா கட்டடத்துக்குப் போனது 1 சதவீதம்தான்னு அப்ப எடுத்த ஒரு கணக்கு சொல்லுது. ஜனங்களைத் திட்டாதீங்க, போறதுக்கு கட்டடம் எங்க இருந்துச்சு? நிவாரணத்துல அப்ப பாகிஸ்தானை ஆண்ட ராணுவ ஜெனரல் யாஹ்யா கான் அரசாங்கம் காட்டுன மெத்தனம் வேற, அடுத்த மாசமே எலக்‌ஷன், கிழக்கு பாகிஸ்தானுக்கு சுயாட்சி கேட்ட முஜிபுர் ரஹ்மானோட அவாமி லீக் கட்சி அங்க 162 சீட்ல 160 ஜெயிச்சுது. அந்த ஜெயிப்புக்கு புயல் மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா எரியுறதுல எண்ணெய் ஊத்துனது அது.

ஜெனி: இப்பவும் கூப்பிட்டா போக மாட்டேங்குறாங்களே, ஏன்?

பதில்: மாட்டை விட்டுட்டு எப்படிங்க போவாங்க, அதானே சொத்து. அதனாலதான் பங்களாதேஷ்ல ஷெல்டர் மட்டும் இல்லாம மண்ணைக் கொட்டி மேடும் கட்டுனாங்க, முஜிப் கில்லான்னு பேரு, ஆடு மாடு ஏறி நிக்கறதுக்கு. வாலண்டியருங்க மெகாபோன் தூக்கிக்கிட்டு வீடு வீடா போவாங்க. உடனே எல்லாம் மாறிடல, 1991லயும் ஒன்னேகால் லட்சத்துக்கு மேல செத்தாங்க. நம்ம ஒடிசாவை எடுத்துக்கோங்க, 1999ல சுமார் 10,000 பேர், 2013 பைலின் வந்தப்ப முன்கூட்டியே 10 லட்சம் பேர் கிட்ட வெளியேத்துனதால 50க்குள்ள நின்னுச்சு.