படர்தாமரைக்கு இரண்டு மாத்திரை சேர்த்துச் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. தொடை இடுக்கிலும் இடுப்பிலும் எட்டு மாதமாகப் படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த க்ரீம் போட்டால் மூன்றே நாளில் அடங்குகிறது. விட்டால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. டெர்பினாஃபைன் இரண்டு வாரம் சாப்பிட்டேன், போகவில்லை. இப்போது இட்ராகோனசோல் எழுதித் தந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகுமா? அசிடிட்டிக்கு தினமும் பேன்டோபிரசோல் சாப்பிடுகிறேன்.

பதில்: முதலில் அந்த க்ரீம் டியூபில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை சாகாது. தோலின் எதிர்ப்பு குறைந்துபோவதால் இன்னும் தாராளமாகப் பரவும். இடுக்குத் தோல் மெல்லியது. மாதக்கணக்கில் போட்டால் வரிவரியாகக் கோடு விழும், பிறகு அது மறையவே மறையாது. நிறுத்திய முதல் சில நாள் அரிப்பு கூடத்தான் செய்யும். அதற்குப் பயந்து டியூபை மறுபடி எடுக்காதீர்கள். அரிப்புக்குத் தனியாக மாத்திரை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

டெர்பினாஃபைன் பலிக்காததற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் இப்போது அதிகம் பரவியிருப்பது டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்ற பூஞ்சை வகை. டெர்பினாஃபைன் போய்ப் பிடிக்க வேண்டிய என்சைமே இந்த வகையில் பல நேரம் மாறியிருக்கும். அப்படி இருந்தால் அதே மாத்திரையை நீட்டிப்பதில் பயனில்லை. இட்ராகோனசோல் வேறொரு என்சைமைத் தடுப்பதால் பெரும்பாலும் வேலை செய்யும். இரண்டையும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஈரலுக்குச் சுமை கூடும். இட்ராகோனசோலை ஒழுங்காகச் சாப்பிட்டும் தோற்றால் மட்டுமே, ஈரல் பரிசோதனையோடு தோல் மருத்துவர் யோசிக்க வேண்டிய வழி அது.

உங்களுக்கு உதவும் கூட்டு, உள்ளுக்கு இட்ராகோனசோல், மேலுக்கு ஸ்டீராய்டு கலக்காத, வேறு மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த க்ரீம்: அமோரால்ஃபின் அல்லது சைக்ளோபிராக்ஸ். வட்டத்தின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவுங்கள். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன பேன்டோபிரசோல்தான் எனக்குப் பெரிய கவலை. இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைத்துவிட்டு விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராது. இந்தச் சில வாரம் பேன்டோபிரசோலை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் கேப்ஸ்யூலைச் சாதாரண கோலா பானத்தோடு விழுங்கலாம். டயட் கோலா கூடாது. எப்படியானாலும் வயிறாரச் சாப்பிட்ட உடனே போடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். இதயம் பலவீனம் என்று எப்போதாவது சொல்லியிருந்தாலோ, கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டாலோ, தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

வழக்கமான அளவு நாளுக்கு 200 மி.கி., குறைந்தது நான்கு வாரம். உங்களைப் போல நாள்பட்டதற்கு அதற்கு மேலும் ஆகலாம். வட்டம் மறைந்து கறுப்புத் தழும்பு மட்டும் நின்ற பிறகும் க்ரீமை இரண்டு வாரம் தொடருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

வீட்டில் யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். துண்டு, உள்ளாடை, அரைஞாண் கயிறு எதையும் விடாதீர்கள்: கயிற்றைக் கழற்றிவிடுங்கள், துணியைச் சுடுநீரில் துவைத்து உள்பக்கம் வெளியே வரும்படி வெயிலில் காயப்போடுங்கள். நான்கு வாரம் சரியாகச் சாப்பிட்டும் விளிம்பு சிவந்து செதில் உதிர்ந்தால், அந்தச் செதிலைச் சுரண்டி பூஞ்சைப் பரிசோதனைக்கும், பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.