கோல் விழாத நேரம்

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தை மூன்று வருடமாகப் படிக்கிறேன். ஒரு நாள் தேர்தல், மறுநாள் காற்பந்து, அப்புறம் நாவல் என்று மாறி மாறி எழுதுகிறீர்கள். 2022 மலேசியப் பொதுத் தேர்தல் முடிந்து நாடே பதற்றத்தில் இருந்த வாரத்தில்கூட மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக் கடையில்) உலகக் கிண்ணக் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தீர்கள். எழுத்தாளருக்கு இது அழகா? அந்த நேரத்தில் ஓர் அரசியல் நாவல் எழுதியிருக்கலாமே. விளையாட்டில் அரசியலைக் கலக்காமலாவது இருக்கலாம்.

பி.கு: உங்கள் நாவலில் 1980 மலேசியா-தென்கொரியா காற்பந்து ஆட்டத்தைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மக்கள் தொலைக்காட்சியில் பார்ப்பதாக வருகிறது. என் தாத்தா, "எங்க லயத்துல அப்ப ஏதுடா டிவி? ரேடியோவுலதான் கேட்டோம்" என்கிறார்.

— ஒரு வாசகர், சுங்கைப்பட்டாணி

அன்புள்ள தம்பி,

கடையில் உட்கார்ந்திருந்தது உண்மைதான். நாடு பதற்றத்தில் இருந்ததை நான் பார்த்ததே பட்டர்வொர்த்தில் உள்ள அந்தக் கடையில்தான்.

நவம்பர் 19 வாக்களிப்பு. மொத்தம் 222 இடம், ஆட்சி அமைக்க 112 வேண்டும். விடியும்போது அது எந்தக் கூட்டணியிடமும் இல்லை. பக்காத்தான் 82, பெரிக்காத்தான் 73, தேசிய முன்னணி 30. தொங்கு நாடாளுமன்றம் என்பதை இந்தியச் செய்திகளில்தான் படித்திருக்கிறோம், நமக்கு அதுவே முதல் தடவை. அன்று நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கத்தாரில் முதல் ஆட்டம். அடுத்த சில நாள் திரையில் பந்து, மேசைமேல் கைப்பேசியில் கூட்டணிக் கணக்கு. சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வீழ்த்திய மாலை, பக்கத்து மேசைக்காரர் 'ஐயோ' என்று எழுந்துவிட்டார். கோலுக்கா, கைப்பேசியில் வந்த செய்திக்கா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. 24ஆம் தேதிதான் பக்காத்தான் தலைவர் அன்வார் பிரதமராகப் பதவியேற்றார்.

அந்தக் கடையில் ரொட்டி சானாய் வீசுகிறவர் இராமநாதபுரத்துக்காரர். அவருக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஆனால் யாருக்கு இன்னும் எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கு சுத்தமாக வைத்திருந்தார். மாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, யாரு வந்தா பெர்மிட்டு சீக்கிரம் புதுப்பிப்பாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வருடம் தேர்தலைப் பற்றி ஐந்தாறு கட்டுரை எழுதியிருந்தேன். ஒன்றிலும் இந்தக் கேள்வி இல்லை.

அரசியல் நாவல் எழுதலாமே என்கிறீர்கள். எழுதினேன், தம்பி. 2018 மே 9 தேர்தலில், சுதந்திரம் வாங்கிய பிறகு முதல் தடவையாக ஆட்சி மாறியதே, அந்தச் சூட்டில் இருநூறு பக்கம். எல்லா அத்தியாயமும் அந்த நள்ளிரவை நோக்கியே ஓடின. திருமண வீட்டில் இருப்பவனும் ஓட்டைப் பற்றிப் பேசினான், சாவு வீட்டில் இருப்பவனும் ஓட்டைப் பற்றிப் பேசினான். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளி மாதிரி இருந்தது. 22 மாதத்தில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. நாவலைத் திரும்ப எடுத்துப் படித்தேன், அதுவும் படுத்துவிட்டது. முடிவைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. இப்போது அலமாரியில் தூங்குகிறது, தூங்கட்டும்.

தொலைக்காட்சி பந்தின் பின்னாலேயே போகும். திடலுக்குப் போனால் பந்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, நம் பினாங்கு சிட்டி ஸ்டேடியம், அங்கே நான் பார்ப்பது பெரும்பாலும் பந்து இல்லாத பக்கத்துக் கோல் காவலரைத்தான். எதிர்ப் பக்கம் ஆட்டம் நடக்கும்போது அவர் புல்லைப் பிடுங்குவார், கையுறையைக் கழற்றி மாட்டுவார், யாருக்கும் கேட்காத தூரத்திலிருந்து தற்காப்பு ஆட்டக்காரரைத் திட்டுவார். ஒரு ஆட்டக்காரர் காலில் பந்து இருப்பது மொத்தத்தில் சில நிமிடம்தான். மிச்ச நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு வேண்டியது. என் கதைமாந்தர்களிடமும் இப்போது அதைத்தான் தேடுகிறேன். ரொட்டி வீசும் தம்பி அப்படிக் கிடைத்தவர்தான்.

எழுத்துக்காக ஆட்டத்தை விட்டு விலையும் கொடுத்திருக்கிறேன். 2016 பிப்ரவரியில், அதே திடலில், பகாங் அணிக்கு எதிராக எங்கள் பினாங்கு ஆட்டக்காரர் ஃபாயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. மறு வருடம் அதற்கு, சிறந்த கோலுக்கு ஃபிஃபா கொடுக்கும் புஷ்காஷ் விருது. அன்றைக்கு நான் போகவில்லை. ஓர் அத்தியாயத்தை முடிக்கப் போகிறேன் என்று வீட்டில் இருந்தேன். அந்த அத்தியாயம் புத்தகத்திலேயே இல்லை, பதிப்பாளர் நீக்கச் சொல்லிவிட்டார்.

விளையாட்டில் அரசியலைக் கலப்பது நானா? உங்கள் தாத்தாவையே கேளுங்கள். 1980 ஏப்ரல் 6, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். மலேசிய அணியில் சோ சின் ஆன், சந்தோக் சிங், சபாவின் ஜேம்ஸ் வோங், கோல் முன்னால் நம் ஆறுமுகம். நீளமான கைகளுக்காக அவரை ஸ்பைடர்மேன் என்பார்கள். தென்கொரியாவை 2-1 என்று வென்றார்கள், வெற்றிக் கோல் ஜேம்ஸ் வோங்குடையது. மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு வழி திறந்தது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசியாவும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வென்றவர்கள் போகவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை நம் காற்பந்துக் குழு ஒலிம்பிக் பக்கம் போனதில்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் போய்விட்டார். பந்து திடலை விட்டு எங்கெங்கோ உருண்டு போகிறது, நான் பின்னால் போகிறேன், அவ்வளவுதான்.

டிவி விஷயத்தில் தாத்தா சொல்வதுதான் சரி. பட்டணத்தில் வளர்ந்தவன் நான், என் வீட்டு டிவியைத் தூக்கிக்கொண்டுபோய் லயத்தில் வைத்துவிட்டேன். அடுத்த பதிப்பில் மாற்றுகிறேன். ஒரு உதவி செய்யுங்கள். அந்த ரேடியோ யார் வீட்டு வாசலில் இருந்தது, பேட்டரிக்கு யார் காசு போட்டார்கள், கோல் விழுந்தபோது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று தாத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். ஆட்டத்தின் நடுவில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள்.