போர்க்காலத்தில் ஒரு சின்ன ஊர் வாரப் பத்திரிகையால் என்ன செய்துவிட முடியும்?

நிறையவே முடியும். அமெரிக்காவில் சியாட்டில் நகருக்கு எதிரே இருக்கும் பெயின்பிரிட்ஜ் தீவின் ‘ரிவ்யூ’ வார இதழைப் பாருங்கள். வால்ட், மில்லி உட்வர்ட் தம்பதி நடத்தியது. பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய கையோடு, ஜப்பானிய வம்சாவளி அண்டை வீட்டாரைச் சந்தேகிக்காதீர்கள் என்று எழுதினார்கள். 1942 மார்ச் 30 அன்று ஜப்பானிய வம்சாவளித் தீவுவாசிகள் 227 பேரை ராணுவம் படகேற்றித் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. இப்படி எழுதியதால் சில சந்தாக்களும் விளம்பரங்களும் போயின; தம்பதி பின்வாங்கவில்லை.

அடுத்து செய்ததுதான் என் மனதைத் தொட்டது. முகாமுக்குப் போன இளைஞர்களையே நிருபர்களாக்கினார்கள். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்குக் கல்யாணம், பேஸ்பாலில் யார் ஜெயித்தது என்று கலிபோர்னியாவின் மன்சனார் முகாமிலிருந்து வந்ததெல்லாம் ஊர்ச் செய்தியாகவே அச்சானது. போர் முடிந்ததும் பலர் தீவுக்கே திரும்பினார்கள்.