ஏரி மடுவுல மூணு பாட்டில் (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணே, நான் பாண்டில ஸ்கூபா கத்துக்கிட்டவன். தை மாசம் எங்க ஊர் ஏரி ரொம்பிக் கிடந்துச்சு, மதகு ஓரமா இருக்குற மடுவுல முங்கிப் பார்த்தேன். சேத்துக்குள்ள கைய விட்டா மூணு பாட்டில். ஒண்ணு கோலி சோடா. ஒண்ணு முட்டை மாதிரி அடி உருண்டு, நிக்கவே மாட்டேங்குது. மூணாவது கருநீலம், சின்னது, பக்கமெல்லாம் வரி வரியா இருக்கு, மூடி இறுகிப் போயி உள்ள ஏதோ ஒட்டிக் கிடக்கு. எவ்ளோ பழசு, வித்தா என்ன தேறும்?
– வாசகர், நெல்லிக்குப்பம் பக்கம்

பதில்: சித்திரை வரைக்கும் பொறுத்திருந்தா நடந்தே போய் பொறுக்கியிருக்கலாமே தம்பி! சரி, மொதல்ல அந்த கருநீலத்த கீழ வைங்க. தொறக்காதீங்க, மோந்து பாக்காதீங்க, புள்ளைங்க கைக்கு எட்டுற எடத்துல வைக்காதீங்க. அந்தக் காலத்துல சீமைல விஷ மருந்த இப்படி வரி போட்ட கலர் பாட்டில்லதான் அடைச்சு வித்தாங்க, ராத்திரி இருட்டுல தலைமாட்டுல தடவுறவன் விரலுக்கே இது வேற பாட்டில்னு தெரியணும்ல, அதுக்குத்தான் வரி. உங்களுதுல விஷம்தான் இருக்குன்னு நான் சொல்லல, ஆனா சோதிச்சுப் பாக்குற வேலை உங்களுக்கு வேணாம்.

நிக்காத பாட்டில்தான் மூணுலயும் எனக்குப் புடிச்சது. வில்லியம் ஹாமில்டன்னு ஒருத்தர் 1809ல பேட்டன்ட் வாங்குன சோடா பாட்டில் மாடல், அவர் பேராலயே ஹாமில்டன் பாட்டில்னு சொல்லுவாங்க. நிக்க வச்சா தக்கை காஞ்சு சுருங்கி கேஸ் போயிடும், படுக்க வச்சா தண்ணி பட்டு ஊறிக்கிட்டே இருக்கும், அதனாலதான் நிக்க முடியாத மாதிரியே அடிய உருட்டி விட்டாங்க, யாரும் தப்பா வைக்க முடியாது பாருங்க. நம்ம கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைய வெள்ளைக்காரன் 1690ல வாங்குனவன், அப்புறம் மஞ்சக்குப்பத்துல பங்களா கட்டி ஒக்காந்தவன், சோடா குடிக்காமயா இருந்திருப்பான். அதுக்காக ராபர்ட் கிளைவ் குடிச்சுப் போட்ட பாட்டில்னு கிளப்பி விட்றாதீங்க, கிளைவ் 1774லயே போய்ச் சேந்தாச்சு, ஜெனீவால ஷ்வெப்னு ஒருத்தர் சோடா யாவாரம் ஆரம்பிச்சதே 1783ல.

கோலி சோடா விஷயத்துல மட்டும் ஆசைய கொஞ்சம் அடக்குங்க. ஹைரம் காட்னு இங்கிலாந்துக்காரர் 1872ல பேட்டன்ட் வாங்குனது, ஆனா நம்ம நாட்டுல இன்னைக்கும் அதே உருவத்துல வார்க்குறாங்க, அதனால உருவத்த வச்சு வயசு சொல்ல முடியாது. கண்ணாடில எழுத்து புடைச்சிருக்கான்னு தடவிப் பாருங்க, டான் ரைலண்ட்ஸ் (பாட்டில் செஞ்சவர் பேரு), பார்ன்ஸ்லி (இங்கிலாந்துல அவர் ஊரு)ன்னு இருந்தா 19ஆம் நூற்றாண்டு கடைசி, சீமைல இருந்து கப்பல்ல வந்த சரக்கு. எழுத்தே இல்லன்னா உங்க தாத்தா கல்யாணத்துல ஒடச்ச சோடாவா கூட இருக்கும்.

மத்த ரெண்டுக்கும் ஒரு வழி. அச்சு ஒட்டுன கோடு பாட்டில் பக்கவாட்டுல மேல ஏறும், நகத்த வச்சு அப்படியே கழுத்து வரைக்கும் இழுத்துப் பாருங்க. வாய் விளிம்பையும் தாண்டிப் போச்சுன்னா மெஷின் செஞ்சது, தானா பாட்டில் செய்யுற ஓவன்ஸ் மெஷின் வந்ததே 1903ல, அதுக்கப்புறம்னு வச்சுக்கலாம். கழுத்துலயே நின்னு போச்சுன்னா வாய் மட்டும் கையால வச்சது, பெரும்பாலும் அதுக்கு முந்தினது. விலை கேட்டீங்க. விளிம்பு தெறிச்சிருந்தாலோ விரிசல் ஓடியிருந்தாலோ பாதி ஆசைய விட்டுடுங்க. அதுக்கு முன்னாடி சட்டம் ஒண்ணு இருக்கு, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருள 1972 சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வியாபாரம் பண்ண முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. மண்ணுல புதைஞ்சு கிடந்து கிடைக்கிற, 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள பொருள்னா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும்னு 1878லயே சட்டம் போட்டு வச்சிருக்கான். ஒரு மனு எழுதி கலெக்டர் ஆபீஸ்ல குடுத்துட்டு முத்திரை வாங்கி வச்சுக்குங்க.

இன்னொண்ணு, மடுவுல தனியா எறங்காதீங்க. சேறு கலங்குனா உங்க கையே உங்களுக்குத் தெரியாது, கிழிஞ்ச வலை காலைச் சுத்தும், ஒடஞ்ச கண்ணாடி வேற, தடி கிளவுஸ் போடுங்க.

கேள்வி: பழைய பாட்டில் மேல வெள்ளையா புகை படிஞ்சா மாதிரி இருக்கு, வெயில்ல திருப்புனா மயில் கழுத்து கலர் அடிக்குது. ஆசிட் ஊத்திக் கழுவலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: ஐயோ வேணாம்மா. அது அழுக்கே இல்ல. கண்ணாடில இருக்குற சோடா சத்து தண்ணில கரைஞ்சு வெளியேறி, மேல்பரப்பு வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடா பிரிஞ்சு கிடக்கு, அதுல வெளிச்சம் பட்டுத்தான் அந்த மினுமினுப்பு. கம்பி பிரஷ் போட்டா ஏடு உரிஞ்சு வந்துடும், திரும்ப ஒட்டாது. உள்ள சேறு இருந்தா ஒரு கைப்பிடி அரிசி, பச்சத் தண்ணி, மெதுவா ஆட்டி ஊத்துங்க, நிழல்ல காய வைங்க. வெந்நி ஊத்தாதீங்க, பழைய கண்ணாடி பட்டுனு விட்டுரும்.

கேள்வி: ஊசுட்டேரில முங்கித் தேடலாமா? அரிக்கமேட்டுல?
– வாசகர், வில்லியனூர்

பதில்: ஊசுட்டேரி 2008ல இருந்து பறவைகள் சரணாலயம். அரிக்கமேடு தொல்லியல் துறை எடம், அங்க 1945ல வீலர்னு வெள்ளைக்காரத் தொல்லியல் ஆய்வாளர் தோண்டினப்ப ரோம் ஜாடி ஓடெல்லாம் வந்துச்சு. ரெண்டு எடத்துலயும் வேடிக்கை பாக்க மட்டும் போங்க.