கோயில் அருகே குடியிருப்பு: காட்டிய வடிவம் ஒன்று, எழும் கட்டடம் வேறு

கேள்வி: காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்கு அருகே உருவாகும் குடியிருப்பில் வீடு முன்பதிவு செய்து, விலையில் பாதிக்கு மேல் கட்டிவிட்டேன். தரைத்தளமும் ஒரு மாடியும், ஓட்டுக்கூரை, நடுவில் மரங்களோடு முற்றம் என்று விளம்பரக் கையேட்டில் காட்டினார்கள். இப்போது இரண்டாவது மாடிக்குத் தூண்கள் எழுகின்றன. முற்றத்தில் கார் நிறுத்தம் வருகிறது. கேட்டால், மாற்றம் செய்யும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வடிவம் பற்றிய உங்கள் குறையை ரசனை சார்ந்தது என்று கட்டுமான நிறுவனம் தள்ளிவிடப் பார்க்கும். கோயிலை ஒட்டிய மனையில் உயரமும் தோற்றமும் அனுமதியின் பகுதியாகவே இருக்கக்கூடும் என்பதால், அனுமதி ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள்.

1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பின், கைலாசநாதர் கோயில் போல மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைத் தடை செய்கிறது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரையிலான ஒழுங்குமுறைப் பகுதியில், தகுதி வாய்ந்த அதிகாரியின் அனுமதி பெற்றே கட்ட முடியும். இந்தத் தூரத்தைக் கோயில் விமானத்திலிருந்து அளப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்தே அளக்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி வாய்மொழியாகச் சொல்லும் தூரத்தை நம்ப வேண்டாம். அனுமதி கோரும் விண்ணப்பம் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரைக்குப் போகும். அதன் அடிப்படையில் அந்த அதிகாரி தரும் தடையின்மைச் சான்றில் மொத்த உயரத்தைக் குறிப்பிடும்போது மொட்டை மாடிப் படிக்கட்டு அறை, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிடுவது வழக்கம். ஒரு மாடிக்கு அனுமதி வாங்கி, மேலே தொட்டியை உயர்த்தி வைத்தால்கூட மீறல் ஆகலாம் என்னும்போது, முழு மாடியைச் சேர்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அனுமதியின்றியோ அனுமதிக்கு முரணாகவோ ஒழுங்குமுறைப் பகுதியில் கட்டினால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இதே சட்டத்தின் 30பி பிரிவு இடமளிக்கிறது. இடிப்பு நடவடிக்கை வந்தால் அதன் சுமை வீடு வாங்கியவர் மீதும் விழும் என்பதே எனக்குக் கவலை தருவது.

ஆகவே அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், தடையின்மைச் சான்று இரண்டின் நகலையும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 19(1) பிரிவைச் சுட்டி எழுத்து மூலம் கேளுங்கள்; தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய அலுவலகங்களுக்கு விண்ணப்பியுங்கள். வரைபடத்திலேயே இரண்டாவது மாடி இருந்திருந்தால் உங்கள் வழக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ், தவறான விளம்பரத்தை நம்பியதற்கான இழப்பீடாகவோ, விலகிக்கொண்டு வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறுவதாகவோ அமையும்.

வரைபடத்தில் இல்லாமல் பின்னர் சேர்த்திருந்தால் உங்கள் நிலை இன்னும் வலுவானது. 14(2) பிரிவின்படி, கட்டடத்தின் அல்லது பொதுப் பகுதிகளின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை மாற்ற, நிறுவனத்தைத் தவிர்த்த மற்ற ஒதுக்கீட்டாளர்களில் (வீடு ஒதுக்கப்பட்டவர்களில்) குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஒருவர் எத்தனை வீடுகள் வைத்திருந்தாலும் அவருக்கு ஒரு வாக்குதான். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்ட பொதுவான சம்மதம் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து. எந்த மாற்றம் என்று தெரிந்து கொடுத்த சம்மதமே சம்மதம் என்ற நிலைப்பாட்டை, மகாராஷ்டிரத்தின் பழைய அடுக்ககச் சட்டத்தின் கீழ் பம்பாய் உயர் நீதிமன்றம் எடுத்திருக்கிறது.

புகாரைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் 31ஆம் பிரிவின் கீழ் அளித்து, 36ஆம் பிரிவின்படி இடைக்காலத் தடையும் சேர்த்துக் கேளுங்கள். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட பிறகு தடை வாங்குவது கடினம். தனியாகப் போவதைவிட மற்ற ஒதுக்கீட்டாளர்களில் சிலரையாவது சேர்த்துக்கொண்டால் சம்மதம் பெறவில்லை என்பதை நிரூபிப்பது எளிது. இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானிப்பவர் ஆணையம் நியமிக்கும் தீர்ப்பு அலுவலர் என்பதால் அதற்குத் தனி விண்ணப்பம் தேவைப்படும்.

கோபத்தில் தவணையை நிறுத்திவிட வேண்டாம். தாமதத்துக்கு உங்களிடமே வட்டி கேட்க 19(7) பிரிவு வழி தருகிறது. ஆட்சேபத்தைக் கடிதத்தில் பதிவுசெய்துவிட்டுச் செலுத்துங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கியிருந்தால் அது 13ஆம் பிரிவை மீறியது. அதையும் புகாரில் எழுதுங்கள்.